குறை என்ற கட்டம்

வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம் தாண்டி
பழஞ்சேலையில் சுற்றிய தராசை
இடுப்பில் இடுக்கிக்கொண்டு
லாரன்ஸ் ரோட்டுக் கடைக்கு வந்தாள் அஞ்சலாட்சி.
ஐந்தாம் எண் பொத்தான்மேல்
காய்ந்த சங்கராச் செதில் ஒன்று.
அதை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான்
மேசையில் வைத்தாள்.

'எடை சரியில்ல.'

எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.
கம்மியா காட்டுது, வியாபாரம் போச்சு,
பணத்தைத் திருப்பு என்பார்கள்.
அவள் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தட்டில் வைத்தாள்.
ஒன்று புள்ளி பூஜ்யம் நான்கு பூஜ்யம்.
சிவப்பு எண்கள் கொஞ்சமும் கூசாமல் எரிந்தன.

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்ததாம்.
பெரியாஸ்பத்திரியில் இரண்டு எண்ணூறு.
வீட்டுக்கு வந்ததும் மீன் தராசைக் கழுவி, துண்டு விரித்து
விளையாட்டாய்ப் படுக்கவைத்தால்
இரண்டு எண்ணூற்றித் தொண்ணூறு.
'ஒடம்பு புடிக்குதுன்னு
தெருவுக்கே டீ வாங்கிக் குடுத்தான் அவ புருசன்.'
மூன்றாம் நாள் நர்சம்மா வந்து நிறுத்தினாள்.
ஏறவில்லை. இறங்கியிருந்தது,
எல்லாப் பிள்ளைக்கும் முதலில் இறங்குமே, அதுபோல.
அப்புறம்தான் உப்பு வாங்கினாளாம்.

முதலாளி சபாநாயகம்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'கூடத்தானே காட்டுது? ஒனக்கு இன்னாம்மா நஷ்டம்?'

'ஆடிப்பெருக்குக்கு வாங்குனது, இது ஐப்பசி.
புரட்டாசியில பாதி சனம் வாங்காது, அதைக் கழிச்சிடு.
மிச்ச நாளெல்லாம்
கிலோவுக்கு நாப்பது கிராம் தூக்கிட்டேன்.
வாத்தியார் வீடு, பங்க் பையன், புதுப்பாளையத்து டெய்லர்,
பேரு தெரியாத நூறு பேரு.'

உத்தரவாத அட்டையைத் திருப்பிக் காட்டினார்.
உப்புநீர் பட்டால் செல்லாது.
கடலூரில் மீன் விற்கிறவளுக்கு விற்ற தராசு.
நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
'சும்மா சரிபண்ணித் தரேன். பணம் வராது.'

'பணமும் வேணும். சீட்டு ஒண்ணும் வேணும்.
தப்பு மெஷினோடது, என்னுது இல்லன்னு
கடை பேரு போட்டு.'

'எதுக்கு? அதை வச்சிக்கிட்டு
மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போறதுக்கா?'

போவேன் என்று அவள் சொல்லவில்லை.
போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

படிவம் நிரப்புவது என் வேலை.
பெயர். ஊர், சோனாங்குப்பம். மாடல் எண்.
பிறகு 'குறை' என்றொரு கட்டம்.
அதில் 'அதிகம் காட்டுகிறது' என்று எழுதிவிட்டு
இரண்டையும் சேர்த்து ஒருதரம் படித்தேன்.
முதலாளி போனில் இருந்தார்.
கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தேன்,
'தயாரிப்புக் கோளாறு. உபயோகித்தவர் பொறுப்பல்ல.'
கடை முத்திரையைச் சத்தமில்லாமல் குத்தி
மஞ்சள் கார்பன் பிரதியைக் கிழித்துக் கொடுத்தேன்.
மறுமுத்திரை வாங்கிவர நாலு நாள் என்றேன்.

எழுதாமல் விட்டது:
ஆடிப்பெருக்கு அன்று கடையில் கூட்டம்.
சோதனைக் கல் மேல் அலமாரியில்.
ஸ்டூல் போட்டு ஏறச் சோம்பி
'சரிபார்க்கப்பட்டது' என்ற ஸ்டிக்கரை
அப்படியே ஒட்டியவன் நான்.
அதன் மூலையில் இன்னும் இருக்கிறது
என் சுருக்கொப்பம்.

பணம் வரவில்லை. தராசு திரும்பிப் போனது.

இரண்டு ஞாயிறு கழித்து
மஞ்சக்குப்பத்தில் அவள் கூடைக்கு முன்னால் நின்றேன்.
குடைக்கம்பியில் தொங்கியது மஞ்சள் சீட்டு,
லேமினேஷன் போட்டு.
யாரும் படிக்கவில்லை.
வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்,
'ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவுல
எங்கிட்ட வாங்குனியா?'
ஆமாம் என்றவருக்கு நெத்திலி ஒரு கை.
புரட்டாசி விரதக்காரர்கள்கூட ஆமாம் என்றார்கள்.

அரைக் கிலோ கிழங்கான் கேட்டேன்.
ஐந்நூறு, அச்சாக நின்றது முள்.
முள் எங்கே இருக்கிறது இந்தத் தராசில்,
வாய்ப்பழக்கம்.

'நீயும் வாங்குனியா?'

நான் வாய் திறப்பதற்குள்
பைக்குள் விழுந்தது நெத்திலி.
பத்து வருஷம் கல் தூக்கிய கைக்குத் தெரியும்,
நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே.

'மழை வருது, போ' என்றாள்.